தேரை அல்ல, மரத்தவளை

அது தேரை இல்லை, மரத்தவளை. பத்து வயதில் இதைச் சொல்லத் தொடங்கினேன், இன்றுவரை நிறுத்தவில்லை. மற்ற விஷயங்களில் நான் எவ்வளவோ மாறிவிட்டேன். கந்தோரில் மேலதிகாரி பிழையாகச் சொன்னாலும் தலையாட்டப் பழகியிருக்கிறேன். கல்யாண வீட்டில் உப்புக் கூடிய கறியைச் சாப்பிட்டுவிட்டு அருமை என்று சொல்லவும் எனக்கு வரும். இந்த ஒன்றில் மட்டும் என்னை யாரும் அசைக்க முடியாது. அண்மையில் என் கணவர் போனில் எதையோ தேடி எடுத்து, எங்கள் பக்கத்து ஆட்கள் தேரை என்பதும் நான் சொல்லும் மரத்தவளையும் ஒரே பிராணிதான் என்று காட்டினார். போன் சொன்னால் முடிந்ததா? அன்று எங்கள் வீட்டில் அந்தப் போன் இருக்கவில்லை. நான் இருந்தேன்.

தம்பியின் ஞானஸ்நானத்தன்று அது வந்தது. எங்கள் வீடு மன்னார்த் தீவில், கடலிரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்தது. அப்பாவுக்குக் கடற்றொழில். அம்மா மட்டும் நானாட்டானில், வயலும் குளமுமான ஊரில் பிறந்தவர். கல்யாணம் கட்டித் தீவுக்கு வந்து எத்தனையோ மாரி போயும் அம்மாவுக்கு எங்கள் தெருவில் 'வயல்காரி' என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தவர் மாமி, அதாவது அப்பாவின் அக்கா. மாமி கல்யாணம் கட்டாமல் எங்களோடேயே இருந்தார். வீட்டில் என்ன சமைப்பது, யார் எப்போது கோயிலுக்குப் போவது, எந்த வலையைத் தைப்பது, எதை எறிவது என்று எல்லாவற்றிலும் கடைசிச் சொல் அவருடையதாக இருந்தது.

அம்மாவின் அண்ணன், என் மாமா, அன்று காலை நானாட்டானிலிருந்து பெரிய வாழைக்குலை ஒன்று கொண்டுவந்து விறாந்தையின் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டார். பக்கத்திலேயே தம்பியின் ஏணை. பழைய நூல் சேலையில் கட்டிய அந்தத் தொட்டிலுக்குள் தம்பி, தலையில் பட்ட தண்ணீரின் கோபம் தீராமல் முனகிக்கொண்டு கிடந்தான். ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியார் கதிரையில் இருந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பழம் கொடுக்க மாமி ஒரு சீப்பைப் பிடித்துத் திருகினார். காய்களின் இடுக்கில் நித்திரை கொண்டிருந்த ஒன்று துள்ளிப் பாய்ந்தது. ஏணைச் சேலையின் விளிம்பில் விழுந்தது, அங்கிருந்து எழும்பிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைக்கு மேல் தேரை விழுந்துவிட்டது என்று மாமி போட்ட சத்தத்தில் சுவாமியாரின் அங்கியெல்லாம் சோடா.

எங்கள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை பால் குடித்தும் தேறாமல், கன்னம் ஒட்டி, துடைத் தோல் சுருங்கிக் கிடந்தால் 'தேரை விழுந்த பிள்ளை' என்பார்கள். அது வெறும் பேச்சு. தேரை எப்போது விழுந்தது, எங்கே விழுந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. தடிமன் பிடித்தது என்றால் எந்தக் கையால் பிடித்தது என்று கேட்பதுண்டா? ஆனால் எங்கள் வீட்டிலோ உண்மையாகவே ஒன்று விழுந்துவிட்டது, அதுவும் ஒரு சுவாமியார் பார்த்திருக்க. பேச்சளவில் இருந்த நோய்க்கு நாங்கள் கண்கண்ட சாட்சிகளோடு சொந்தக்காரர் ஆனோம்.

தம்பி அதற்கு முன்பே மெலிவுதான். பிறந்தபோதே சின்னப் பிள்ளை, பிறகும் பெரிதாகத் தேறவில்லை. ஞானஸ்நானச் சட்டை அவனுக்குப் பெரிதென்று அம்மா முதுகுப்பக்கம் ஊசி குத்தி இறுக்கியிருந்தார். அந்த ஊசியைக் குத்தும்போது பிடித்துக்கொண்டிருந்தவள் நான். இதை நான் அன்றே எல்லோருக்கும் சொன்னேன். சின்னப்பிள்ளையின் பேச்சு சபையேறவில்லை.

அதை அடிக்க எல்லோரும் தும்புத்தடி தேடி ஓடிய நேரத்தில் நான் ஒரு தகரப் பேணியைக் கவிழ்த்து அதைப் பிடித்துவிட்டேன். ஏன் பிடித்தேன் என்று கேட்டால், அதைக் கிட்டத்தில் பார்த்ததுதான் காரணம். வெளிறிய மண்ணிறம், பொன் நிறக் கண், ஒவ்வொரு விரல் நுனியிலும் சட்டைப் பொத்தான் போல ஒரு வட்டம். எங்கள் பள்ளிக்கூடச் சுற்றாடல் புத்தகத்தில் அதே விரல்களோடு படம் இருந்தது, கீழே 'மரத்தவளை' என்று அச்சடித்திருந்தது. நான் புத்தகத்தைக் கொண்டுவந்து மாமியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். பிள்ளைக்கு விழுவது தேரை. இது தேரையே இல்லை. ஆகவே தம்பிக்கு ஒன்றும் விழவில்லை. என் வழக்கு இவ்வளவுதான், இன்றும் இதில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் என்ன பெயர் போட்டாலும் தேரை தேரைதான் என்று மாமி சொல்லிவிட்டார்.

மரத்தவளையை வளர்ப்பது என்று நான் முடிவெடுத்தது அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான். அதற்கு முன் கிணற்றடி வாழையில் விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூட இருந்தது.

வளர்க்க எனக்குத் தெரியாது. முதலில் அப்பாவின் பழைய ஐஸ் பெட்டிக்குள் விட்டேன். மீன் வைத்த பெட்டி, எத்தனை தரம் கழுவினாலும் உப்பும் வெடில் நாற்றமும் போகாது. அடுத்த நாள் பார்த்தால் அது கறுத்துப் போய், கால்களை உடம்போடு ஒடுக்கி, கண்ணை மூடிக் கிடந்தது. நான் அழுத அழுகையில் அம்மா தன் அண்ணனுக்குப் போன் எடுத்துக் கொடுத்தார். அவர் சிரிக்காமல் கேட்டார். "அது வாயால தண்ணி குடிக்காது பிள்ளை, தோலாலதான் குடிக்கும். நீ அதை உப்பில ஊறப் போட்டிருக்கிறாய்" என்றார். அது பகலில் நித்திரை கொள்ளும், பொழுதுபட்டால்தான் எழும்பும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அன்றே வீடு மாறியது. அரிசி போடுகிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வாளியைக் காலி செய்தேன். ஆணியை அடுப்பில் காய்ச்சி மூடியில் துளை போட்டேன். உள்ளே ஒரு கொய்யாக் கொப்பும் சிரட்டை நிறையத் தண்ணீரும் வைத்தேன். தண்ணீர்தான் பெரும்பாடு. எங்கள் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வரும், அதில் குளோரின் மருந்து மணக்கும். திறந்த சட்டியில் ஒரு நாள் வைத்தால் மருந்து போய்விடும் என்று பள்ளிக்கூட ரீச்சர் சொல்லித் தந்தார். ஆகவே எங்கள் குசினியில் மரத்தவளைக்கென்று தனிச் சட்டி ஒன்று வந்தது. மனிசருக்கே குடிக்கத் தண்ணீர் இல்லாத தீவில் ஒரு தேரைக்கு நல்ல தண்ணீர் வார்க்கிற குடும்பம் இதுதான் என்று மாமி வேலிக்கு மேலால் ஊருக்கு அறிவித்தார்.

தொடுவதற்கும் ஒரு முறை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கருவாடு புரட்டிப் போடுவது என் வேலை, கையில் எந்த நேரமும் உப்பு. அந்தக் கையால் தொட்டால் அதன் தோல் எரியும் என்று கண்டுபிடித்த பிறகு, நல்ல தண்ணீரில் கழுவாமல் தொடுவதில்லை. தொடுவதையே குறைத்துக்கொண்டேன். சாப்பாட்டில் நான் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. சோறு வைத்தேன், முட்டை மஞ்சள் வைத்தேன், அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய இறாலை நுணுக்கி வைத்தேன். எதையும் அது ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் விறாந்தை பல்பைச் சுற்றிய ஒரு விட்டில் பூச்சியைப் பிடித்து உள்ளே விட்டேன். நாக்கு போய் வந்தது எனக்குத் தெரியவில்லை. பூச்சியைக் காணவில்லை. விழுங்கும்போது அதன் இரண்டு கண்களும் தலைக்குள் அமிழ்ந்து பிறகு வெளியே வந்தன. ஓடுவதையும் பறப்பதையும் மட்டும் தின்கிற அந்தப் பெருமை எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குப் பிறகு பொழுதுபட்டால் நான் பூச்சி பிடிக்கிற தொழிலாளி.

ஒரு கைப்பிடி உப்பை அந்தத் தேரையின் மேல் தூவினால் போதும், வேலை முடிந்துவிடும் என்று மாமி அயலாருக்குச் சொல்வதைக் கேட்டேன். அன்றைக்கே வீட்டிலிருந்த உப்பையெல்லாம் ஒளித்தேன். குசினி உப்புப் போத்தல், கருவாட்டுக்கு வைத்த மூட்டை, அம்மாவின் ஊறுகாய்க்கு வாங்கிய பக்கற்று எல்லாம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போயின. மன்னாரில், கடலுக்குக் கிட்ட இருந்துகொண்டு, உப்பை ஒளிக்கலாம் என்று நினைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அன்று குழம்பில் உப்பில்லை. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு பேசாமல் சாப்பிட்டார். மாமி எனக்கு அடித்தார். நான் அழவில்லை, உப்பிருந்த இடத்தையும் சொல்லவில்லை. மூட்டையைக் கோழிகள்தான் காட்டிக்கொடுத்தன.

அம்மா என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கக் காரணமும் இருந்தது. மாமி கத்தும்போதெல்லாம் அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, "வைச்சிருக்கட்டும் மச்சாள். வாளிக்குள்ளதானே கிடக்குது" என்பார். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று, ஏணைக்குக் கிட்டக் கொண்டு வரக்கூடாது என்பது. நான் கொண்டுவரவில்லை.

தை மாதம் வரமுன் வாளிக்குள் இருந்தது நன்றாகக் கொழுத்துவிட்டது. வாடைக்காற்றோடு வந்த பூச்சியெல்லாம் அதன் வயிற்றில். கன்னமும் கழுத்தும் ஒன்றாகி, கொப்பில் இருக்கும்போது கொப்பு வளையும். தம்பி அப்படியே இருந்தான். விலா எண்ணலாம். அழுதால் சத்தம் வராமல் முகம் மட்டும் அழும். அவனைத் தூக்க எனக்குப் பயமாக இருந்தது, எங்கேயாவது கழன்றுவிடுவான் என்ற பயம். மாமிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பிள்ளையின் சத்தை அது உறிஞ்சுகிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று வருகிற போகிற எல்லோருக்கும் வாளியைக் காட்டினார். நான் எவ்வளவு நன்றாக வளர்த்தேனோ அவ்வளவுக்கு அதன் குற்றம் கூடியது. சாப்பாட்டைக் குறைக்கலாமா என்று ஒரு பின்னேரம் யோசித்தேன். உடனே வீம்பு வந்தது. செய்யாத குற்றத்துக்கு அது ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று இரண்டு வெட்டுக்கிளி கூடப் போட்டேன்.

தம்பியை மந்திரித்துப் பார்வை பார்க்கக் கொண்டுபோனார்கள். கையில் நீல நூல் கட்டினார்கள், மடுக்கோயில் மண்ணை நெற்றியில் பூசினார்கள், மாமி அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். அயல் பெண்கள் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, பாவம் நீ என்ன செய்வாய், தேரை விழுந்தால் தாய் என்ன செய்ய முடியும் என்று முதுகைத் தடவிவிட்டுப் போனார்கள். சிலர் முட்டை கொண்டுவந்தார்கள். என் பிராணியைப் பழிக்கிற அந்தப் பெண்களுக்கு அம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு மிட்வைஃப் மிஸ் வந்தார். வீடு வீடாகப் பிள்ளை பார்க்கிறவர். ஸ்கூட்டரில், தராசைத் தோளில் கொழுவிக்கொண்டு வருவார். வளையில் தராசைக் கட்டி, தம்பியைச் சீலைப் பையில் போட்டுத் தூக்கினார். முள்ளைப் பார்த்துவிட்டு, அவனை இறக்கி விலாவைத் தடவிப் பார்த்தார். மாமி தேரைக் கதையைத் தொடங்கினார். நான் காத்திருந்த நேரம் அதுதான். வாளியைத் தூக்கிக்கொண்டுவந்து மிஸ்ஸின் காலடியில் வைத்தேன், பக்கத்தில் சுற்றாடல் புத்தகத்தை விரித்தேன், இதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கோ என்று கேட்டேன். மிஸ் குனிந்து வடிவாகப் பார்த்தார். "ஓம், இது மரத்தவளைதான். இதால ஒரு பிள்ளையும் மெலியாது" என்றார்.

வாழ்க்கையில் எனக்குப் பிறகு கிடைத்த எந்தப் பாராட்டும் அந்தச் சொல்லுக்குக் கிட்ட வரவில்லை. மிஸ் தொடர்ந்து அம்மாவிடம் மெதுவாகத்தான் பேசினார். சாப்பிடுகிறீர்களா, நித்திரை இருக்கிறதா என்று கேட்டார். தாய்ப்பால் போதாததால்தான் பிள்ளை தேறவில்லை, தாய் நன்றாகச் சாப்பிட்டு ஆறுதலாக இருந்தால் பால் ஊறும், அடுத்த மாதம் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கோ, அப்போதும் நிறை கூடாவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்டுவோம் என்றார். அவர் சொன்னதில் பாதி மாமியின் காதில் விழுந்தது. எனக்கு முதல் வசனத்துக்குப் பிறகு எதுவும் தேவைப்படவில்லை. தெரு முழுக்க ஓடி மரத்தவளையின் விடுதலையை அறிவித்தேன். அப்போ பிள்ளை ஏன் மெலிகிறான் என்று கேட்டவர்களுக்கு, அம்மாவுக்குப் பால் காணாதாம் என்று மிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தது, சொன்னேன்.

அதற்குப் பிறகு வாளிப் பக்கம் யாரும் வரவில்லை. மாமி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தேரை இல்லையென்றால் பிழை தாயில்தான் என்று அவர் குசினிக்குள் நின்று சொன்னார். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் இப்படி நடந்ததில்லை, மீன் தின்னத் தெரியாத வயல்காரியைக் கொண்டுவந்தால் இதுதான் நடக்கும் என்றும் சொன்னார். முட்டை கொண்டுவந்த பெண்கள் வாசல் படலையோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அம்மா எல்லோருக்கும் பிறகு சாப்பிடத் தொடங்கினார், பிறகு அதுவும் குறைந்தது. தம்பியை மடியில் வைத்தால் அவன் இழுத்துப் பார்த்துவிட்டு வீரிடுவான். மாமி கடையில் பால்மாவும் சூப்புப் போத்தலும் வாங்கிவந்து, அவனை அம்மாவின் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் போட்டுப் பருக்கினார். அவன் அதையும் கக்கினான். வீடு ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் வென்றிருந்தேன், கொண்டாட ஒருவரும் இல்லை.

அப்பா முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தபோது மாமி பக்கத்தில் போய் இருந்தார். "தம்பி, அவள் கொஞ்ச நாள் தாய் வீட்டில நிண்டிட்டு வரட்டும்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா ஊசியை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. எங்கள் வீட்டில் அப்பா பேசாவிட்டால் சம்மதம். நான் வளவுக்குள் துள்ளிக் குதித்தேன். நானாட்டான் என்றால் குளம், மாமாவின் உழவு மெசின், வயல் வரப்பு. மரத்தவளைக்கும் தன் ஊரைக் காட்டலாம். வாளிக்குப் புதுக் கொப்பு வைத்துப் பயணத்துக்கு ஆயத்தம் செய்தேன்.

மாமா ஆட்டோ ஒன்றில் வந்திறங்கினார். முகத்தில் சிரிப்பில்லை. விறாந்தையில் இருந்து, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் அம்மாவின் துணிப்பை இருந்தது. அப்பா கடல் பக்கம் பார்த்தபடி நின்றார். மாமி தம்பியை மடியில் வைத்திருந்தார். அம்மா அறையிலிருந்து வந்து, நேரே போய் மாமியின் மடியிலிருந்து தம்பியைத் தூக்கினார். பிறகு தெருவுக்குக் கேட்கிற குரலில் பேசினார். அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

"மச்சாள், நீங்கள் சொன்னதுதான் சரி. அது தேரைதான். அண்டைக்கு நான் கண்டனான், சேலையில இல்லை, பிள்ளையின்ர நெஞ்சிலதான் விழுந்தது. மிஸ்ஸுக்கு உதெல்லாம் தெரியாது."

பச்சைப் பொய். அது விழுந்த நேரம் அம்மா குசினிக்குள் சுவாமியாருக்கு வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தார். அதை நான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன், புத்தகத்தை எடுக்க உள்ளே ஓடினேன். வாயை மூடு என்று அம்மா சொன்னது பின்னால் கேட்டது. என்னை அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் திரும்பி வந்தபோது அம்மா தன் அண்ணனிடம், அந்த வாளியைக் கொண்டுபோய் உங்கள் குளத்தடியில் விடுங்கோ, அது இந்த வீட்டை விட்டுப் போனால் பிள்ளை தேறிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமி அம்மாவையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் நாளிலிருந்து அவர் சொல்லிவந்ததைத்தான் அம்மா சொல்கிறார். அதை எப்படி மறுப்பது? கடைசியில், "அதைத்தானே நான் தலைகீழாய் நிண்டு சொன்னனான்" என்றார். அவரது முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. மாமா அப்போதுதான் தேநீரைக் குடித்தார்.

நான் லேசில் விடவில்லை. ஆட்டோவுக்குள் ஏறி வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். போவதென்றால் எல்லோரும் போவோம், இல்லாவிட்டால் ஒருவரும் போகவேண்டாம் என்று கத்தினேன். அப்பா வந்து என்னைத் தூக்கி இறக்கினார். அவரது கையைக் கடித்தேன். மாமா வாளியை மடியில் வைத்துக்கொண்டு, குளத்தடியில் நல்ல பூவரசு நிற்கிறது, அதில் விடுகிறேன் பிள்ளை என்றார். வாளிக்குள் அது பகல் நித்திரையில் இருந்தது. ஆட்டோ போன பிறகும் நான் தெருவில் நின்று, அது மரத்தவளை, மரத்தவளை என்று கத்தினேன். கழுதைகள் இரண்டு நின்று பார்த்தன.

அன்றிரவே மாமி, பால் ஊறவென்று பால்சுறா வாங்குவித்து, உள்ளிப்பூண்டு நிறையப் போட்டுச் சமைத்து, அம்மாவுக்கு முதல் கோப்பை வைத்தார். தன் சொல் பலித்த ஆளுக்கு வருகிற தாராளம் அவருக்கு வந்துவிட்டது. இருந்து சாப்பிடு, நித்திரை கொள், வேலையை நான் பார்க்கிறேன் என்று அம்மாவைத் தாங்கினார். முட்டைக்காரப் பெண்கள் திரும்பி வந்தார்கள். சூப்புப் போத்தல் அலுமாரிக்கு மேல் ஏறியது. தம்பி அம்மாவின் மடியிலேயே கிடந்தான், இழுத்தான், இழுத்த பிறகு அழாமல் நித்திரை கொண்டான். கன்னத்தில் ஒரு குழி நிரம்பியது, பிறகு மற்றது.

எனக்கு அதைவிட அநியாயம் இருக்க முடியாது. தம்பி தேறத் தேற மரத்தவளையின் பெயர் கெட்டுக்கொண்டே போனது. தேரை போனது, பிள்ளை தேறியது, கண்ணால் பாருங்கள் என்றார் மாமி. நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். குசினிக் கதவில் கரியால் மரத்தவளை என்று எழுதினேன், அழித்தார்கள், திரும்ப எழுதினேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, என் பாவம் ஒன்றும் ஞாபகம் வராததால், அம்மா சொன்ன பொய்யைச் சுவாமியாரிடம் சொன்னேன். அவரும் அன்று அங்கே இருந்தவர், சாட்சி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உன் பாவத்தை மட்டும் சொல்லு என்றார். உலகமே மாமியின் கட்சிக்குப் போய்விட்டது என்று தெரிந்தது.

கிளினிக் நாளன்று தம்பியின் நிறை கூடியிருந்தது. மிஸ் அம்மாவின் தோளில் தட்டினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தம்பியை ஏணையில் வளர்த்திவிட்டு, கதவுக்குப் பின்னால் இருந்த துணிப்பையை எடுத்து அவிழ்த்தார். மாமா வந்த அன்று வாசலிலிருந்து உள்ளே எடுத்து வைத்தது, கட்டியபடியே அங்கே இருந்தது. நான் அறை வாசலில் போய் நின்றேன். பேசாமல் இருந்த அவ்வளவு நாளையும் சேர்த்துக் கேட்டேன்.

"நீங்கள் பொய் சொன்னனீங்கள்."

"ஓம்," என்றார் அம்மா. "பொய்தான் சொன்னனான். உந்தச் சேலையளை அலுமாரிக்குள்ள வை."

வெட்கமில்லாமல் சொன்னாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்பார், குறைந்தது காரணமாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார், நான் கோபத்தோடு வாங்கி அலுமாரியில் திணித்தேன். நூல் சேலைகள், கோயிலுக்குக் கட்டுகிற சேலை, சட்டைகள், சீப்பு, செபமாலை. பை காலியானது. கவிழ்த்து உதறினார், வேறொன்றும் விழவில்லை. எல்லாம் அம்மாவுடையது. என் சட்டை ஒன்றும் அதில் இல்லை, தம்பியின் ஒரு துணிகூட இல்லை. எல்லோரும் போக இருந்த பயணத்துக்கு அம்மா ஏன் தன் துணியை மட்டும் அடுக்கினார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு மரத்தவளைதான் பெரிதாக இருந்தது.